பயிற்சியை எப்போது மாற்றுவது, முடித்ததும் என்ன சாப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா நகர் டவர் பார்க்கில் காலையில் ஒரு குழுவுக்கும், மாலையில் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஜிம்மிலும் பயிற்சி சொல்லித் தருகிறேன். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு துண்டாகப் பதில் அனுப்புவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் உதவும் என்று, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதயக் கோளாறு, சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை என்று ஏதாவது இருந்து மருந்து எடுப்பவர்கள் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே எதையும் மாற்றுங்கள்.

1. "ரெண்டு வருஷமா தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன் சார். முதல்ல நாலு கிலோ குறைஞ்சுது, அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. ஏன்?"

உடம்பு பழகிவிட்டது. அதே பாதை, அதே வேகம் என்று தினமும் நடக்கும்போது இதயமும் கால் தசைகளும் அந்த வேலையை அலட்டிக்கொள்ளாமல் செய்யக் கற்றுக்கொள்கின்றன. அதோடு, நாலு கிலோ குறைந்த உடம்பைச் சுமந்து நடக்க முன்பைவிடக் குறைந்த சக்தி போதும். எடை குறையக் குறையப் பசியும் கொஞ்சம் கூடும். நமக்கே தெரியாமல் தட்டில் ஒரு கரண்டி ஏறியிருக்கும். மூன்றும் சேர்ந்துதான் எடை நிற்கிறது.

அதற்காக நடையை விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் அதே வழிகாட்டுதலில், வாரம் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்றும் இருக்கிறது. பார்க்கில் நான் பார்க்கிற பலர் அந்தப் பக்கமே போவதில்லை. உங்களுடைய முதல் மாற்றம் அங்கிருந்து வரட்டும்.

2. "சரி, மாத்தணும்னா எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்?"

பெரிய மாற்றம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். சின்ன மாற்றம் வாராவாரம் இருக்கலாம்.

மாற்றம் என்றதும் புதுப் பயிற்சி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். உதாரணத்துக்கு பஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, பின்னால் ஒரு நாற்காலி இருப்பது போல இடுப்பை முதலில் பின்னால் தள்ளி, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் இறங்கி எழுகிறீர்கள். முதல் வாரம் 8 முறை, அடுத்த வாரம் 10, அதற்கடுத்து 12. பிறகு மறுபடியும் 8-க்கே வாருங்கள். ஆனால் மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்கி, கீழே ஒரு எண்ணிக்கை நின்று எழுந்திருங்கள். அதே பஸ்கி, தொடைக்கு முற்றிலும் வேறு வேலை. அதுவும் சுலபமானால் கையில் ஐந்து கிலோ அரிசிப் பை. அப்புறம் ஒரு காலை ஓரடி முன்னே வைத்து, இரண்டு முட்டியையும் மடக்கி இறங்கி எழும் லஞ்ச் (lunge) பயிற்சி. நான்கு மாதத்துக்குத் தேவையான மாற்றம் இந்த ஒரே அசைவில் இருக்கிறது.

உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. இந்த ஐந்தும் எப்போதும் இருக்கட்டும். எடை, எண்ணிக்கை, வேகம், ஓய்வு நேரம் இவற்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு முட்டி வலிக்கிறது என்று வந்தால், எதனால் வலி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

3. "தினமும் புதுசு புதுசா செஞ்சாதான் மசில் குழம்பிப்போய் வளரும்னு வீடியோவுல சொல்றாங்களே மாஸ்டர்?"

தசை குழம்பாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு பாரம், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதுதான். நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் அது வளரும். கேட்காவிட்டால் இருக்கிறபடி இருக்கும்.

ஒரு புது அசைவைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று ஏறும். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு நரம்புகளுடையது: எந்தத் தசையை எப்போது இயக்குவது என்று மூளை கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் முடிந்த பிறகே தசை வளர்ச்சி நன்றாகப் பிடிக்கும். தினமும் மாற்றுகிறவர்கள் பாடத்தின் முதல் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். வியர்வை வரும், வலி வரும், முன்னேற்றம் வராது. ஒரு சின்ன நோட்டில் தேதி, பயிற்சி, எடை, எண்ணிக்கை என்று எழுதிவையுங்கள். போன மாதப் பக்கத்தோடு ஒப்பிட முடியாத பயிற்சி எனக்குத் திருப்தி தருவதில்லை.

4. "ஜிம்முக்குப் போக நேரமும் இல்ல, காசும் இல்ல. வீட்டுலயே எப்படிச் செய்யறது அண்ணா?"

தாராளமாகச் செய்யலாம். தண்டாலில் சுவரில் கைவைத்துத் தொடங்குங்கள், அடுத்து சமையல் மேடை விளிம்பு, அப்புறம் கட்டில் விளிம்பு, கடைசியாகத் தரை. கை எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு பாரம் கூடும். தரையில் ஒன்றுகூட எடுக்க முடியாத பெண்கள் இந்தப் படிகளில் இறங்கி, சில மாதங்களில் தரைத் தண்டால் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

குனிந்து தூக்குவதற்கு நம் வீடுகளில் ஒரு நல்ல சாதனம் இருக்கிறது: 20 லிட்டர் தண்ணீர் கேன். நிரம்பியிருந்தால் 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கால்வாசி இருக்கும் கேனில் தொடங்குங்கள். கேனைப் பாதங்களுக்கு நடுவே உடம்போடு ஒட்டி வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கிக் குனிந்து, தொடையின் பின்பக்கம் இழுபடுவது தெரிந்ததும் எழுந்திருங்கள். இடுப்பு வலி உள்ளவர்கள் இதை நேரில் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் செய்ய வேண்டாம். இழுப்பதற்கு அரிசிப் பை: ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, மறு கையால் பையைத் தொங்கவிட்டு முழங்கையைப் பின்னால் இழுங்கள். சுமப்பதற்குக் கடையிலிருந்து இரண்டு கையிலும் சமமாகப் பை. மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் திறந்தவெளி உடற்பயிற்சிச் சாதனங்களும் இருக்கின்றன. காலை ஆறு மணிக்குப் போனால் வரிசை இருக்காது.

5. "எனக்கு நடக்க மட்டும்தான் பிடிக்கும். அதுலயே மாத்த முடியாதா?"

முடியும். மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக. இப்படி ஐந்து சுற்று. வேகம் என்றால், பேசினால் பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்க வேண்டும். ஜப்பானில் நடுவயதைத் தாண்டியவர்களிடம் செய்துபார்த்து, சீரான வேகத்தில் நடப்பதைவிடக் கால் பலமும் மூச்சுத் திறனும் கூடுகின்றன என்று கண்ட முறை இது. வாரம் நாலு நாள், நாளுக்கு அரை மணி நேரம்.

மெரினா, பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்களுக்கு மணல் இருக்கிறது. அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தியை இளகிய மணல் கேட்கும். முதல் நாள் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள், கெண்டைக்கால் மறுநாள் பேசும். வேளச்சேரி பறக்கும் ரயில் பாதையில் போய்வருகிறவர்கள் ஸ்டேஷன் படிக்கட்டுகளை விட்டுவிடாதீர்கள். இவ்வளவு செய்தாலும் முதல் பதிலில் சொன்ன அந்த இரண்டு நாள் வலுப்பயிற்சிக்கு இது ஈடாகாது.

6. "மறுநாள் வலிச்சாதான் ஒழுங்கா பண்ணினோம்னு அர்த்தமா?"

இல்லை. வலி, பழகாத வேலை செய்தீர்கள் என்று மட்டும்தான் சொல்கிறது. பாரத்தோடு தசை நீளும்போது, அதாவது படியிறங்கும்போதோ பஸ்கியில் கீழே போகும்போதோ, நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதனால் வரும் வலி ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்கு ஏறி, பிறகு சில நாளில் அடங்கும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்பது பழைய நம்பிக்கை. அது பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடுகிறது.

அதே பயிற்சியை இரண்டாம் முறை செய்யும்போது வலி குறையும், சில முறைக்குப் பிறகு பெரிதாகத் தெரியாது. வளர்ச்சி அப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கும். ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: கடுமையான வலியோடு தசை வீங்கி, சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுக்கவைக்கும் ஜிம்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

7. "முடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள புரோட்டீன் போகலன்னா எல்லாம் வேஸ்ட்டா மாஸ்டர்?"

வேஸ்ட் ஆகாது. அந்த அரை மணி நேரக் கெடு ரொம்பப் பெரிதுபடுத்தப்பட்ட விஷயம். பயிற்சிக்குப் பிறகு ஒரு நாளுக்கு மேல் தசை புரதத்தை வழக்கத்தைவிட ஆர்வமாக எடுத்துக்கொள்கிறது. பயிற்சிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் சாப்பிட்டிருந்தால் அந்தச் சாப்பாடே இன்னும் ஜீரணமாகிக்கொண்டிருக்கும். அடுத்த வேளை சாப்பாட்டை வழக்கமான நேரத்தில் சாப்பிட்டால் போதும்.

விதிவிலக்கு இரண்டு. காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி செய்கிறவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். முந்தைய இரவுச் சாப்பாட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகியிருக்கும். காலையும் மாலையும் ஒரே நாளில் இரண்டு முறை உழைப்பவர்களும், ஜனவரி மாரத்தானுக்கு நீண்ட தூரம் ஓடிப் பழகுகிறவர்களும் மாவுச்சத்தை உடனே எடுத்துக்கொள்வது நல்லது. தசையில் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் காலியான பிறகு முதல் சில மணி நேரத்தில்தான் அது வேகமாக நிரம்பும்.

8. "அப்போ என்னதான் சாப்பிடறது? எங்க வீட்டுல சைவம் வேற."

முதலில் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் சொன்ன அளவு, சாதாரணமாக இருக்கும் ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ இருப்பவருக்கு நாளுக்கு 50 கிராம். வலுப்பயிற்சி செய்கிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம், அதாவது 72 முதல் 96 கிராம் வரை தேவைப்படும்.

இப்போது நம் தட்டைப் பாருங்கள். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். மூன்று இட்லியும் சாம்பாரும் சேர்ந்து பத்தைத் தொடுவதே பெரிது. மதியம் சாதம், சாம்பார், பொரியல், தயிர் என்று சாப்பிட்டால் பன்னிரண்டு பதினைந்து. இரவு இரண்டு தோசை. நாள் முழுக்கக் கூட்டினாலும் பலருக்கு 40 தாண்டுவதில்லை. சாப்பாடு நிறைவாக இருக்கிறது, புரதம் மட்டும் குறைகிறது.

இதைச் சரிசெய்ய அடுக்களையை மாற்ற வேண்டாம், அளவை மாற்றினால் போதும். சாம்பாரை மேலாக ஊற்றிக்கொள்ளாமல் அடியில் கலக்கி, பருப்போடு இரண்டு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணத்தில் 12 கிராம் கிடைக்கும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. ஒரு டம்ளர் பாலில் 6. 100 கிராம் பனீரில் 18. சோயா உருண்டை காய்ந்த எடையில் 50 கிராம் எடுத்துக் குழம்பில் போட்டால் 25 கிராம். பணம் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வேர்க்கடலையும் சோயாவும்தான். முளைகட்டிய பச்சைப்பயறு நல்லது, ஆனால் அதில் தண்ணீர் அதிகம். பார்க் வாசலில் விற்கும் அந்தச் சின்னக் கப்பில் நீங்கள் நினைக்கும் அளவு புரதம் இருக்காது. அருகம்புல் ஜூஸில் புரதம் கிட்டத்தட்ட இல்லை.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வேலை சுலபம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20-க்குப் பக்கம். வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. மத்தி விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் உண்டு. சாப்பாட்டோடு டீ, காபி குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். பருப்பு, கீரையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். சோர்வாக இருக்கிறது என்று சொல்லும் பெண்களிடம் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

9. "வாக்கிங் முடிச்சதும் நாங்க எட்டு பேரும் சேர்ந்து பொங்கல், வடை, காபி சாப்பிடுவோம் தம்பி. அது தப்பா?"

சேர்ந்து சாப்பிடுவது தப்பே இல்லை. உங்களைத் தினமும் காலையில் எழுப்பி வரவைப்பது அந்தக் கூட்டம்தான், அதை யாரும் குலைக்க வேண்டாம். ஆனால் ஒரு மணி நேர நடையில் 65 கிலோ ஆள் செலவழிப்பது 200 முதல் 250 கலோரி. நெய் மிதக்கும் பொங்கல் ஒரு தட்டு, வடை ஒன்று, சர்க்கரை போட்ட காபி என்றால் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். எடை குறையவில்லை என்று முதல் கேள்வியில் கேட்டவருக்கும் இது பொருந்தும்.

பொங்கலை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். மற்ற நாளில் அதே மேசையில் இட்லி, கூடுதலாக ஒரு கிண்ணம் சாம்பார், சர்க்கரை குறைத்த காபி. வீட்டிலிருந்து வேர்க்கடலையோ அவித்த முட்டையோ யாராவது ஒருவர் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

10. "வேர்த்துக் கொட்டுது. இளநீர் போதுமா, ஓஆர்எஸ் குடிக்கணுமா?"

சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய எதிரி. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாவதில்லை, வழிந்து சொட்டுகிறது. ஆவியானால்தான் உடம்பு குளிரும். அதனால் உடம்பு இன்னும் வியர்க்கிறது, சூடும் தணிவதில்லை. எவ்வளவு இழக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி: பயிற்சிக்கு முன்னும் பின்னும், நனைந்த உடை இல்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற மிதமான பயிற்சிக்குத் தண்ணீரும் அடுத்த வேளைச் சாப்பாடும் போதும். அதற்கு மேல் ஓடினாலோ, சட்டையில் வெள்ளை உப்புத் தடம் படிந்தாலோ, உப்பு தேவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவது சோடியம். அதனால் என் முதல் தேர்வு உப்புப் போட்ட நீர்மோர். இளநீர் பிடித்தவர்கள் கூட ஒரு கைப்பிடி உப்புக் கடலை சேர்த்துக்கொள்ளலாம். ஓஆர்எஸ் வயிற்றுப்போக்குக்காக வந்த மருந்து. ரொம்ப நேரம் உழைத்து வாடிப்போனவர்களுக்கு உதவும், தினமும் தேவையில்லை. வாங்கினால் அளவு பிசகாமல் முழுப் பாக்கெட்டையும் அதில் சொன்ன தண்ணீரில் கரையுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த உப்பு யோசனை பொருந்தாது.

அக்னி நட்சத்திர நாட்களில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஏசி அறையிலேயே இருந்து பழகியவர்கள் வெளியில் ஓடத் தொடங்கினால் உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும், அதுவரை பாதி வேகம் போதும். கூட ஓடுகிறவர் பேச்சுக் குழறினாலோ தள்ளாடினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

11. "புரோட்டீன் பவுடர் சாப்பிட்டா கிட்னி போயிடும்னு அம்மா பயப்படறாங்க."

சிறுநீரகம் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு, எட்டாவது பதிலில் சொன்ன அளவுக்குள் புரதம் எடுப்பதால் அது கெட்டுப்போவதில்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அது கெடுதல்தான். பலருக்குக் கோளாறு இருப்பதே தெரியாது என்பதால், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். அம்மாவின் பயத்துக்கு அந்த ரிப்போர்ட்தான் சரியான பதில்.

பவுடர் என்பது காய்ந்த பால் புரதம். ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் அளவில் இருக்கும், நாலு முட்டைக்குச் சமம். சமைக்க நேரமில்லாதவர்களுக்கு வசதி, மற்றவர்களுக்கு அவசியமில்லை. வாங்கினால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் காலாவதித் தேதியும் பார்த்து, ரசீதோடு வாங்குங்கள். லேபிள் இல்லாத டப்பாவையோ ஊசியையோ "சீக்கிரம் ரிசல்ட் வரும்" என்று ஜிம்மில் யாராவது நீட்டினால் அந்த ஜிம்மைவிட்டு வெளியே வாருங்கள். ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், ஆண்களுக்கு விந்தணுவைக் குறைக்கும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

12. "எனக்கு சுகர் இருக்கு. வெறும் வயித்துல நடக்கலாமா? முடிச்சதும் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கலாமா?"

எந்த மருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்சுலின், அல்லது கிளிமிபிரைடு மாதிரி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பயிற்சிக்கு முன் பார்த்து, 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுத் தொடங்குங்கள். குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். பயிற்சியின் விளைவு ஒரு நாள் வரை நீடிப்பதால், பயிற்சியை மாற்றிய வாரத்தில் இரவிலும் ஒருமுறை பாருங்கள்.

கேழ்வரகு நல்ல தானியம். ஆனால் நைஸாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அடையாகத் தட்டி, முருங்கைக்கீரையும் வேர்க்கடலைச் சட்னியும் சேர்த்துச் சாப்பிடுவது மேல். சாப்பிட்ட பிறகு பத்து பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பதும், வாரம் இரண்டு நாள் வலுப்பயிற்சியும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தப் பெரிதும் உதவும். சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்வது தசைதான்.

13. "ஓஎம்ஆர்ல வேலை. ஜிம் முடிய ராத்திரி பத்து ஆகுது. அதுக்கப்புறம் சாப்பிட்டா தொப்பை வராதா?"

நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்த அளவுதான் தொப்பையைத் தீர்மானிக்கும். பயிற்சி செய்துவிட்டுப் பட்டினியாகப் படுத்தால் தூக்கம் கெடும், மறுநாள் பதினொரு மணிக்கு டீயும் சமோசாவும் இழுக்கும். இரண்டு சப்பாத்தி, பருப்பு அல்லது முட்டை, கொஞ்சம் காய் என்று லேசாகச் சாப்பிட்டுப் படுங்கள். ஆனால் அந்த நேரத்தில் கடும் பயிற்சி செய்தால் பலருக்குத் தூக்கம் தள்ளிப்போகிறது. ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் தூக்கம் வருகிறது என்றால், வாரநாளில் ஒரு நாளை விட்டுவிட்டு சனி, ஞாயிறுக்கு மாற்றுங்கள்.

14. "புரட்டாசியில அசைவம் இல்ல", "ரம்ஜான் நோன்புல பகல்ல தண்ணிகூட கிடையாது. பயிற்சியை நிறுத்திடலாமா?"

நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிலில் சொன்ன மாற்றங்களில் இது ஒரு தனி வகை: தூக்கும் எடையை அப்படியே வைத்து, செட்டுகளை (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் சுற்றுகளை) மட்டும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும் சேர்த்த பலத்தைப் பல வாரம் காப்பாற்றிவிடலாம். இளைஞர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். வயதானவர்கள் பாதிவரை வைத்துக்கொள்வது நல்லது.

புரட்டாசிக்கு எட்டாவது பதிலில் உள்ள சைவப் பட்டியலே போதும். நோன்பு வைப்பவர்கள் வலுப்பயிற்சியை இஃப்தாருக்கு (மாலையில் நோன்பு திறப்பதற்கு) ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள், பகலில் லேசான நடைக்கு மேல் வேண்டாம். நோன்புக் கஞ்சியில் அரிசியும் பாசிப்பருப்பும் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. கறி போட்டுக் காய்ச்சினால் இன்னும் நல்லது. விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கு முட்டை, தயிர், பேரீச்சை. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் இரவு முழுக்கப் பரப்பிக் குடியுங்கள்.

15. "எங்க அம்மாவுக்கு 66 வயசு. முட்டி வலின்னு உட்கார்ந்தே இருக்காங்க. இதெல்லாம் அவங்களுக்கும் பொருந்துமா?"

அவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். வயது ஏற ஏறத் தசை கரைகிறது, உட்கார்ந்தே இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும். முட்டித் தேய்மானத்துக்குத் தொடைத் தசையை வலுவாக்குவது முக்கியமான சிகிச்சைகளில் ஒன்று. கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றி எழுந்து உட்காருவதில் தொடங்குங்கள். ஐந்து முறை சுலபமானால் எட்டு, பிறகு கை ஊன்றாமல், பிறகு கொஞ்சம் தாழ்ந்த நாற்காலி. அடுக்களையில் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கட்டும். விழாமல் இருக்க இதுவும் வேண்டும். பயிற்சியின்போது கொஞ்சம் வலிப்பது பரவாயில்லை. மறுநாளும் வலி கூடுதலாக இருந்தாலோ முட்டி வீங்கினாலோ ஒரு படி பின்வாங்குங்கள்.

சாப்பாட்டில் வயதானவர்கள் செய்வது நேர்மாறு: ரசம் சாதம், கஞ்சி, பிரெட் என்று புரதத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை வேண்டும். மெல்லச் சிரமமென்றால் மசித்த பருப்பு, கெட்டித் தயிர், முட்டைப் பொடிமாஸ், முள் எடுத்த மீன். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள்.

16. "மழை, டெங்கு காய்ச்சல்னு ஒன்றரை மாசம் விட்டுட்டேன். மறுபடி எங்கிருந்து ஆரம்பிக்கணும்?"

விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். எடையிலும் எண்ணிக்கையிலும் பாதியில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். முதல் முறை கட்டியதைவிட இரண்டாம் முறை பலம் சீக்கிரம் திரும்பும். டெங்கு வந்தவர்கள் தட்டணுக்கள் சரியான பிறகும் சோர்வு போகும்வரை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள்.

17. "எல்லாம் மாத்திட்டேன். ரெண்டு மாசம் ஆச்சு, மெஷின்ல ஒரு கிலோ ஏறியிருக்கு. என்ன தப்பு மாஸ்டர்?"

ஒருவேளை எதுவுமே தப்பாக இருக்காது. வலுப்பயிற்சி தொடங்கியதும் தசை கூடுதல் கிளைக்கோஜனைச் சேமிக்கிறது, ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் சேரும். கூடவே கொஞ்சம் தசையும் வந்திருக்கும். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்துப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு குறைந்து எடை ஏறியிருந்தால் நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு குறைந்திருக்கிறதா, நோட்டில் எழுதிய எண்கள் ஏறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இடுப்பும் குறையவில்லை, எண்களும் ஏறவில்லை என்றால் ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம், காபி உள்பட, எழுதிக்கொண்டு வாருங்கள். நோட்டையும் கொண்டுவாருங்கள். காலை ஏழரைக்கு மேல் பார்க் கோபுரத்துக்குப் பக்கத்து பெஞ்சில் இருப்பேன், சேர்ந்து பார்க்கலாம்.